காலிங் பெல்லை அமுக்கியவள்

பழிவாங்குவதற்கென்றே ஒரு கேமராவை எடுத்து வைத்திருந்தாள் லென்ஸக்கா. அவள் வேலை பார்க்கிற பழைய கேமராக் கடையில், கவுண்டருக்கு அடியில், கீழ்த்தட்டில், மஞ்சள் துணி சுற்றிக் கிடந்தது அது. கடையில் அதற்குக் காண்டாமிருகம் என்று பேர். முழங்கை நீளத்துக்கு மூக்கு நீண்ட ஜூம் லென்ஸும் செங்கல் கனமும் பார்க்கிறவனை வாய் பிளக்க வைக்கும். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருந்தது. ஷட்டர் இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு முறை விற்று இரண்டு முறையும் திரும்பி வந்த சனியன். "ஸ்பேருக்குக் கழட்டிடும்மா" என்று முதலாளி சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. அவள் கழற்றவில்லை. பளிச்சு என்றைக்காவது ஒருநாள் இந்தக் கடைப் படியேறுவார், அன்றைக்கு இதை அவர் தலையில் கட்டுவது என்று முடிவு செய்து வைத்திருந்தாள்.

பளிச்சு என்றால் ஸ்டூடியோ வைத்திருக்கும் பளிச்சு. நட்ட நடு வெயிலில்கூட ஃபிளாஷ் போட்டுப் பளிச்சென்று அடிக்காமல் அவருக்குப் படம் எடுக்க வராது. அவரிடம் வேலை பார்த்தவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பேர் அது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் லென்ஸக்காவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. விளக்கைத் தூக்கிப் பிடிக்கிற வேலை. அதனால் அவருக்கு அவள் லைட்டு. "லைட்டு, இங்க வா. லைட்டு, அங்க நில்லு."

ஒருநாள் வெளி வேலை முடிந்து திரும்புகிற வழியில் பேருந்துப் பணிமனை வாசலில் அவர் டீ குடிக்கப் போனார். கேமரா அவள் தோளில் இருந்தது. உள்ளே ஒருவன் பேருந்தின் கண்ணாடிக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தான். அவள் பேருந்துக்குள் ஏறி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். நுரை வழிந்த இடைவெளியில் அவனுடைய ஒரு கண்ணும் பாதிச் சிரிப்பும் தெரிந்தன. பிலிமில் கடைசி ஒரு படம்தான் மிச்சம் இருந்தது. அதை எடுத்துவிட்டாள்.

அந்தப் படம் பெரிய போட்டியில் முதல் பரிசு வாங்கியது, பளிச்சின் பேரில். ஸ்டூடியோ வரவேற்பறையில் ஆளுயரத்துக்கு மாட்டினார். கீழே அவர் பேர். அவள் தயங்கித் தயங்கிப் போய், "அண்ணே, அதுல என் பேரையும் ஓரமா போடலாமா?" என்று கேட்டாள். "யோசிச்சு சொல்றேன்" என்றார். இரண்டு வாரம் யோசித்தார். மறுபடி கேட்டபோது ஸ்டூடியோ ஆட்கள் ஏழு பேரை வைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

"கேமரா என்னுது, பிலிம் என்னுது. நீ சும்மா பட்டனை அமுக்கின, அவ்வளவுதான். காலிங் பெல்லை அமுக்கினவன் வீட்டுக்காரன் ஆயிடுவானா?"

ஏழு பேரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவன்கூடக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அன்றைக்கு வேலையை விட்டவள்தான், அதற்குப் பிறகு தனக்கென்று ஒரு படம் எடுக்கவில்லை. மற்றவர்களின் கேமராவைத் திறந்து பழுது பார்க்கக் கற்றுக்கொண்டாள். கைத்தொழில் சோறு போட்டது, சரிதான். ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் தொண்டையில் சிக்கிய முள் மாதிரி, எச்சில் விழுங்கும்போதெல்லாம் குத்திக்கொண்டே இருந்தது.

அந்தப் பளிச்சு ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கடைக்குள் நுழைந்தார். கூடவே பதினோரு வயதுப் பெண் ஒருத்தி.

"என்ன லைட்டு, சௌக்கியமா?" என்றார், நேற்றுப் பார்த்துப் பிரிந்தவர் போல. பிறகு அந்தப் பெண்ணிடம், "இந்த ஆன்ட்டி யாரு தெரியுமா? பெரியப்பாகிட்ட தொழில் கத்துக்கிட்டவங்க" என்றார்.

லென்ஸக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "வாங்கண்ணே."

"இது என் தம்பி மக. வாண்டு. படம் எடுக்கிறேன் படம் எடுக்கிறேன்னு ஒரே பிடிவாதம். இவ அம்மாவும் கேமரா வாங்கிக் குடுங்கன்னு உயிரை எடுக்குது. சின்னப் பொண்ணுக்கு முதல் கேமரா, நல்லதா ஒண்ணு பாரு."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. லென்ஸக்கா மறு யோசனை இல்லாமல் குனிந்து, மஞ்சள் துணியைப் பிரித்து, காண்டாமிருகத்தை எடுத்துக் கவுண்டர்மேல் வைத்தாள். பளிச்சின் கண் விரிந்தது.

"இது கேமரா. இதைத் தோள்ல மாட்டினாலே பாதி போட்டோகிராபர்" என்று தூக்கி, கண்ணில் வைத்து, தெருவைப் பார்த்தார். லென்ஸை டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. மெனுவைத் திறக்கவில்லை. அவர் ஆயுசுக்கும் மெனுவைத் திறந்ததில்லை. ஆட்டோ மோடில் வைப்பார், அடிப்பார், மற்றதைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிற ஆள் பார்த்துக்கொள்வான். இது லென்ஸக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

"பிடிச்சுப் பாரு வாண்டு" என்று அவர் அதைக் குழந்தையின் கையில் கொடுத்தார்.

இரண்டு கையாலும் வாங்கியும் மணிக்கட்டு நடுங்கியது. வ்யூஃபைண்டருக்குக் கண்ணைக் கொண்டுபோனால் லென்ஸ் தரையைப் பார்த்தது, லென்ஸைத் தூக்கினால் கண் எட்டவில்லை. வாண்டு அதை மெதுவாகத் திரும்பக் கவுண்டரில் வைத்துவிட்டு, உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டது. அந்த முகம் வாடியதைப் பார்த்தபோது லென்ஸக்காவுக்கு முதன்முதலாகச் சுருக்கென்றது. யார்மேல் உள்ள கோபத்துக்கு யார் கையில் பாறாங்கல்லைக் கொடுக்கிறாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் கை காண்டாமிருகத்தை உள்ளே எடுத்து வைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த கை.

அப்போது பளிச்சுக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

"நீ என்ன மாதிரிப் படம் எடுப்ப?" என்று லென்ஸக்கா கேட்டாள், சும்மா ஒரு பேச்சுக்கு.

"புறா எடுத்தேன். மாடியில தண்ணித் தொட்டி ஓட்டை வழியா. போன மாசம் போட்டோகிராபர் சங்கத்துல போன் படத்துக்குப் போட்டி வெச்சாங்கல்ல, அதுல முதல் பரிசு."

"அடடே. உனக்கா?"

"இல்ல. பெரியப்பாவுக்கு." குழந்தை அதைக் கோபமில்லாமல், பஸ் நம்பர் சொல்வது போலச் சொன்னது. "பெரியப்பா போன்ல எடுத்தேன்ல. போன் யாருதோ படம் அவங்களுதாம். என் பேரையும் போடுங்கன்னு கேட்டேன். யோசிச்சு சொல்றேன்னாரு. இன்னும் யோசிக்கிறாரு. அதான் அம்மா, உனக்குன்னு ஒரு கேமரா இருந்தாத்தான் சரிப்படும்னு சொல்லி சண்டை போட்டாங்க."

அதே வார்த்தை. அந்த ஆள் இத்தனை வருஷத்தில் ஒரு புது வார்த்தைகூடக் கற்றுக்கொள்ளவில்லை. அன்றைக்கு லென்ஸக்காவுக்கு இருபத்தொரு வயது, வேலையை விட்டுவிட்டுப் போக முடிந்தது. இந்தக் குழந்தை பெரியப்பாவை விட்டு எங்கே போகும்?

காண்டாமிருகத்தை எடுத்து, துணியைச் சுற்றி, காலால் கீழ்த்தட்டுக்குள் தள்ளினாள். இது சின்னப் பழி. இவருக்கு இது போதாது.

கண்ணாடி அலமாரியைத் திறந்து மூன்று சின்னக் கேமராக்களை வரிசையாக வைத்தாள். "கையில பிடி. பேசாத. எது உன் கைக்குள்ள தானா உக்காருதோ அதை மட்டும் சொல்லு."

முதலாவதில் வாண்டின் ஆள்காட்டி விரல் பொத்தானுக்கு எட்டவில்லை. இரண்டாவதில் வ்யூஃபைண்டர் இல்லை, வெறும் திரைதான். வெயிலில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது கறுப்பாக, ஓரம் தேய்ந்து, பார்க்க ஏழைபோல இருந்தது. ஜூம் கிடையாது, ஒரே லென்ஸ். அதைக் கையில் எடுத்ததும் குழந்தையின் தோள் இறங்கியது. கண்ணில் வைத்து முழங்காலை மடக்கி, அலமாரிக் கண்ணாடியைப் பார்த்து ஒரு படம் எடுத்தது. லென்ஸக்கா திரையைப் பார்த்தாள். வாசலில் நின்று போன் பேசுகிற பளிச்சு கண்ணாடியில் நிழலாக விழுந்திருந்தார். அவர் நெற்றிக்கு நேராக, 'செகண்ட் ஹேண்ட்' என்ற சீட்டு. லென்ஸக்காவுக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்ற வேண்டியிருந்தது.

"கிட்டப் பாக்கணும்னா எதைத் திருகணும்?" என்றது வாண்டு.

"எதையும் திருக வேணாம். நடந்து கிட்டப் போ. ஜூம் இல்லாததுதான் இதுல விசேஷம்."

பளிச்சு திரும்பி வந்ததும் முகம் சுளித்தார். "என்ன இது, சோப்பு டப்பா மாதிரி? அந்தப் பெருசு எங்க?"

"அது பழுது அண்ணே, வேற ஒருத்தருக்கு எடுத்து வெச்சது. வருஷப் போட்டிக்கு இதுல எடுத்த படம்தான் நல்லா நிக்கும். போன் படம் மாதிரி பெருசு பண்ணா பிசிராது."

போட்டி என்றதும் ஆள் நிமிர்ந்தார். "ஆமா, போன் படத்தை வருஷப் போட்டியில சேத்துக்க மாட்டேங்கிறானுங்க" என்று வாய்விட்டே சொன்னார். "சரி, இதையே போடு. பில் என் பேர்ல. கேமரா என் பேர்ல இருக்கட்டும், சின்னப் பொண்ணு தொலைச்சு வைக்கும்."

"தாராளமா அண்ணே. உங்க பேர்லயே போடறேன்" என்றாள் லென்ஸக்கா. அவ்வளவு பணிவாக அவள் அவரிடம் வேலை பார்த்த காலத்தில்கூடப் பேசியதில்லை.

அவர் முதலாளியிடம் பில் எழுதி வாங்க நகர்ந்ததும் அவள் கேமராவின் மெனுவைத் திறந்தாள். பல கேமராக்களில் உள்ளே ஒரு மூலையில் எடுப்பவர் பேர் எழுத ஓர் இடம் உண்டு. பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. ஒருமுறை எழுதிவிட்டால், எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும் அந்தப் பேர் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"உன் முழுப் பேரு சொல்லு. ஸ்கூல்ல இருக்கிறது."

குழந்தை சொன்னது. லென்ஸக்கா எழுத்து எழுத்தாகத் தட்டினாள். பிறகு கேமராவைத் திருப்பிக் காட்டி, "பாத்துக்கோ. இனி நீ எடுக்கிற எல்லாப் படத்துக்குள்ளயும் இந்தப் பேரு இருக்கும். பெரியப்பாகிட்ட சொல்லணும்னா சொல்லு, நான் தடுக்கல" என்றாள்.

வாண்டு தன் பேரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. "அவர் கேட்டா சொல்றேன்" என்றது.

கேட்கிற ஜாதியா அவர்?

மூன்று மாதம் கழித்து வருஷப் போட்டி. முந்தைய வருஷம் எவனோ இணையத்தில் சுட்ட படத்தைக் கொண்டுவந்து பெரிய ரகளை ஆனதால், சங்கத்தில் புதிதாக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தேர்வான மூன்று படங்களுக்கும் மெமரி கார்டையே கொண்டுவர வேண்டும், எல்லார் முன்னாலும் திரையில் திறந்து காட்டிய பிறகுதான் பரிசு. கம்ப்யூட்டரும் திரையும் லென்ஸக்காவின் கடை உபயம். அவற்றை இயக்குவது அவள்.

கூடத்தில் எண்பது பேர் இருப்பார்கள். மூன்றாம் பரிசு, இரண்டாம் பரிசு, எல்லாம் ஒழுங்காக முடிந்தன. முதல் பரிசுப் படம் திரையில் வந்தது. நிறுத்தி வைத்த ஒரு பைக்கின் சக்கரக் கம்பிகள் வழியாக, தரையோடு தரையாக எடுத்த படம். கம்பிகளுக்கு அப்பால் ஒருவர் குந்தி உட்கார்ந்து, ஈரத் துணியால் அந்த பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூண்டுக்குள் இருப்பவர்போலத் தெரிந்தது முகம். பளிச்சு அதற்கு 'உழைப்பு' என்று தலைப்பு வைத்திருந்தார். துடைத்தவர் அவருடைய தம்பி, வாண்டின் அப்பா. பைக் பளிச்சுடையது. தான் என்ன படத்தைப் போட்டிக்கு அனுப்பியிருக்கிறோம் என்பதுகூட அந்த மனுஷனுக்கு விளங்கவில்லை.

லென்ஸக்கா கார்டைச் செருகினாள். கோப்பைத் திறந்து, விவரம் என்ற இடத்தை அழுத்தினாள். தேதி, நேரம், கேமராவின் மாடல். அதற்குக் கீழே, எடுத்தவர் பேர்.

செயலாளர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "இது உங்க பேரு இல்லையே அண்ணே. யாருது இது?"

மூன்றாவது வரிசையில் இருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "அது என் பொண்ணு பேரு." வாண்டின் அம்மா எழுந்து நின்றிருந்தாள். பக்கத்தில் வாண்டு, கழுத்தில் கேமரா.

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பளிச்சு எழுந்தார். முகம் சிவந்திருந்தாலும் குரல் இறங்கவில்லை. விண்ணப்பத்தோடு வைத்திருந்த காகிதத்தை உருவி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"கேமரா என்னுது. இதோ பில், என் பேர்ல இருக்கு. எவனாவது இல்லன்னு சொல்லுங்க பாப்போம். அந்தப் பொண்ணு சும்மா பட்டனை அமுக்கினா, அவ்வளவுதான்."

லென்ஸக்கா மைக்கை எடுத்தாள். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தாளோ என்று அவளுக்கே தோன்றியது.

"பாதியில நிறுத்திட்டீங்களே அண்ணே. மிச்சத்தையும் சொல்லுங்க. காலிங் பெல்லை அமுக்கினவன் வீட்டுக்காரன் ஆயிடுவானா? பஸ் கண்ணாடி படத்துல என் பேரைப் போடுங்கன்னு கேட்ட அன்னிக்கு என்கிட்ட சொன்னீங்கல்ல. அதையே இந்தப் பதினோரு வயசுப் பொண்ணுகிட்டயும் சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

கடைசி வரிசையில் ஒருவன் சிரித்தான். அந்தக் காலத்தில் ஸ்டூடியோவில் அவளோடு வேலை பார்த்தவன், அந்த ஏழு பேரில் ஒருவன். "அப்போ அந்த பஸ் படமும் இவருது இல்லையா?" என்று அவன் கேட்டதும் அடுத்தவன் சிரித்தான். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்து, மேடை ஏறி, செயலாளரையும் தொற்றிக்கொண்டது. பில்லைத் தூக்கிப் பிடித்த கையை எப்படி இறக்குவது என்று தெரியாமல் நடுவில் நின்றார் பளிச்சு.

லென்ஸக்காவுக்கு இனித்தது. பொய் எதற்கு, நாக்கிலேயே இனித்தது. பாவமாக இருந்தது, மனம் கனத்தது என்றெல்லாம் சொன்னால் அது கதை. அவள் மைக்கை வைத்துவிட்டு நிதானமாக, ஒவ்வொரு முகமாக அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். வாண்டு மட்டும் சிரிக்கவில்லை. முழங்காலை மடக்கி, கேமராவைக் கண்ணில் வைத்திருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாகக் காண்டாமிருகத்தைக் கழற்றி, திருகாணிகளைத் தனித்தனி டப்பாவில் போட்டாள். முதலாளி பார்த்துவிட்டு, "ஒருவழியா மனசு வந்துச்சா?" என்றார். "இனி தேவையில்ல" என்றாள்.

கடையில் ஒரு பழக்கம் உண்டு. முதல் கேமரா வாங்கிய பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த ஒரு படத்தைக் கொண்டுவந்தால் அச்சிட்டு, கீழே எடுத்தவர் பேரைக் கையால் எழுதி, வாசல் கண்ணாடியில் தெருவைப் பார்த்து ஒட்டுவார்கள். அந்த வாரம் வாண்டும் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தது. பில்லைத் தூக்கிப் பிடித்த ஒரு கை, திறந்த வாய், சுற்றிலும் சிரிக்கிற பற்கள். நல்ல படம், நடுநிலையாகப் பார்த்தாலும் நல்ல படம். லென்ஸக்கா கொஞ்சம் பெரிதாகவே அச்சிட்டாள்.

படத்தை ஒட்டிய நாலாம் நாள் பளிச்சு வந்தார். தெருவில் பத்துப் பேர் அந்தப் படத்தைக் காட்டிப் பேசியிருப்பார்கள் போல, ஆள் இளைத்த மாதிரி இருந்தார். கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"லைட்டு, நடந்தது நடந்துபோச்சு. அந்த பஸ் படத்துக்குக் கீழ என் பேரை எடுத்துட்டு உன் பேரைப் போட்டுடறேன். இன்னிக்கே பலகை அடிக்கச் சொல்றேன். நீ இதை மட்டும் எடுத்துடு."

லென்ஸக்காவுக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. இருபத்திரண்டு வருஷமாக அவள் கேட்டது அதுதான். அந்தச் சோப்பு நுரைக்குக் கீழே தன் பேர்.

"பலகை அடிங்கண்ணே. அது அன்னிக்கே செஞ்சிருக்க வேண்டியது" என்றாள். "ஆனா இது நான் எடுத்த படம் இல்லையே. நான் எப்படி எடுக்க முடியும்? எடுத்தவங்ககிட்ட கேளுங்க."

எடுத்தவங்க கவுண்டரின் மறுமுனையில், ஸ்டூலில் உட்கார்ந்து, ஊதுகுழலால் லென்ஸில் இருந்த தூசியை ஊதிக்கொண்டிருந்தாள். பளிச்சு அந்தப் பக்கம் நடந்து போனார். குனிந்து, குரலைக் குழைத்து, "வாண்டு, பெரியப்பா சொன்னா கேப்பல்ல? அந்தப் படத்தை எடுத்துடச் சொல்லும்மா" என்றார்.

வாண்டு லென்ஸை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தது. இன்னும் ஒரு தூசி இருந்தது. அதையும் ஊதியது.

"யோசிச்சு சொல்றேன் பெரியப்பா" என்றது.

லென்ஸக்கா இன்னொரு ஸ்டூலை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டாள். "உக்காருங்கண்ணே, எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு" என்றாள்.